சர்வோ பெட்டியில் இருந்த சீட்டு

தெமிர்தாவ்,
மே 17, புதன்கிழமை.

என் குதிரைக்குட்டி ஜாதிராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இப்போது அப்படி இருக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இங்கே குடியிருப்பைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாயை ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள், நிறுத்திய மறு வாரமே பனி கொட்டியது, அப்பா வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து செய்தி பார்த்தார். இப்போது வெயில் வந்துவிட்டது. தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றி முடித்தாயிற்று, இந்த வருஷம் எட்டு வரிசை போதும் என்று நான் சொன்னேன், அவர் பன்னிரண்டு போட்டிருக்கிறார், யார் தோண்டுவது என்று கேட்டால் சிரிக்கிறார். பக்கத்து வீட்டு ஷோல்பான் தன் மகள் பிரசவத்துக்காக நாளைக்குக் கொரியாவுக்குப் புறப்படுகிறாள், அவள் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு பை காய்ந்த தயிர் உருண்டை. ஈரம் படாத இடத்தில் வை, போன தடவை மாதிரி பூசணம் பிடிக்க விட்டுவிடாதே.

ஏன் போனில் பேசாமல் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதே போனை எடுத்து உண்மையைச் சொல்லப் போனால் நீ அங்கிருந்து பரவாயில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுவாய், நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. உட்கார்ந்து படி, வேலை நேரத்தில் படிக்காதே. உன் மாமனாராக வரப்போகிற ஸாபித்தின் கால் உன்னால் உடையவில்லை. நீ அனுப்பிய சர்வோவில் எந்தக் குறையும் இல்லை. நீ எழுதிய சீட்டு பெட்டிக்குள்தான் இருந்தது, நீ வைக்க மறக்கவில்லை. அதை நான் எடுத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன், பிறகு படிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

நேற்று இதையெல்லாம் ஸாபித்தின் மனைவி ஜிபெக்கிடம் அவள் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அவளுக்கு நான் ஓட்டுகிற ரிமோட் கார் என்றால் பிள்ளைகள் விளையாடுகிற சாமான், அது ஒரு நொடியில் அறுபது மீட்டர் ஓடும் என்பதே அவள் புருஷன் கால் உடைந்த பிறகுதான் தெரியும். அதனால் ஒன்றிலிருந்து விளக்கிச் சொன்னேன். உனக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் அவளுக்குச் சொன்ன அதே வரிசையில் உனக்கும் எழுதுகிறேன், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பூசி மெழுகவில்லை என்று நீ நம்ப வேண்டும். வண்டிக்குள் ஸ்டியரிங் பிடிக்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். ஒன்று ரிமோட்டில் இருக்கிற என் கை. இன்னொன்று ஜைரோ என்கிற தீப்பெட்டி அளவுப் பெட்டி. வண்டி ஒரு பக்கம் வழுக்கத் தொடங்கினால் என் கண் பார்த்து என் கை அசைவதற்குள் அது முப்பது மீட்டர் தாண்டியிருக்கும், ஜைரோ அதற்குள்ளேயே சக்கரத்தைத் திருப்பி வண்டியை நேராக்கிவிடும். சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார்தான் சர்வோ. என் பழைய சர்வோ தளர்ந்துபோய்விட்டது என்று நான் புலம்பியதைக் கேட்டு நீ சம்பளத்தில் வாங்கி அனுப்பினாய். இந்தப் புதியது பழையதற்கு எதிர்ப்பக்கம் சுழல்கிறது. ரிமோட்டில் ஓர் இடத்தில் மாற்றினால் என் கைக்கு அது சரியாகிவிடும், ஆனால் ஜைரோவுக்கு அது தெரியாது, அதன் அடியில் இருக்கிற சுவிட்சையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வண்டி எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே அதுவும் சேர்ந்து தள்ளும். இதைத்தான் நீ சீட்டில் எழுதியிருந்தாய். "அம்மா, இது எதிர்ப்பக்கம் சுத்தும். ரிமோட்ட மாத்தினா மட்டும் போதாது, ஜைரோ சுவிட்சையும் மாத்து. ஓட்டறதுக்கு முன்னாடி வாலப் பிடிச்சுப் பாரு. முத்தம்." அவ்வளவுதான். இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறை மேஜையில் வைத்து சர்வோவை மாட்டினேன். ரிமோட்டை மாற்றினேன், சக்கரம் நான் சொன்ன பக்கம் திரும்பியது, அதன் வேகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், நம் பெண் அனுப்பியது எப்படித் திரும்புகிறது பாருங்கள் என்று. ஜைரோவை நீ போன வருஷம் பசை நாடா போட்டு ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா, அதைப் பெயர்த்தால்தான் அடியில் இருக்கிற சுவிட்ச் கைக்கு வரும். அடுப்பில் கறி வெந்து மாவுத் தகடு போடுகிற பதத்தில் இருந்தது, அப்பா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார், நாளைக்குப் பெயர்த்துக்கொள்ளலாம் என்று சீட்டை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். மறுநாள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டி ஓட்டுகிற கூட்டாளி கென்னாதி ஓடுதளத்துக்குப் போக வாசலில் ஹார்ன் அடித்துவிட்டான். மறந்துபோனேன் ஜாதிரா. மறதி யாருக்கும் வரும், அதற்காகத்தானே வாலைப் பிடித்துப் பார்க்கிற வழக்கத்தை வைத்தோம். வண்டியைக் கையில் தூக்கி, வாலை ஒரு பக்கம் வெட்டித் திருப்பினால் முன்சக்கரம் சரியான பக்கம் திரும்புகிறதா என்று கோட்டில் நிற்கிறவர் பார்த்து, பார்த்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் வண்டி தரையில் இறங்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் கென்னாதியின் வண்டி வேலிக்கம்பத்தில் மோதிச் சிதறிய அன்றைக்கு இந்த விதியைப் போட்டதே நான்தான். போட்டு, மீறினால் அந்த ஞாயிறு முழுக்க வண்டியைத் தொடக் கூடாது என்று சத்தம் போட்டதும் நான்தான்.

அன்றைக்கு ஓடுதளத்தில் காற்று விடவே இல்லை. ஒன்பது மணியிலிருந்து ஆறு பேரும் பயிருக்கு மருந்து தெளித்த விமானங்களின் பழைய கொட்டகைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டு கம்பத்தில் கட்டிய காற்றுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது படுத்த வாக்கிலேயே படபடத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குதிரைக் கூட்டம் வேறு ஓடுதளத்தில் ஏறி நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது, மேய்க்கிறவன் சாவகாசமாக வந்தான். பதினோரு மணி தாண்டி திடீரென்று துணி தொங்கியது. இந்தப் பக்கத்தில் காற்று நின்றால் பத்து நிமிஷம் நிற்கும், அதற்குள் ஓட்டினால்தான் உண்டு. கென்னாதி முதலில் ஓட்டி மணிக்கு இருநூற்று நாலு கிலோமீட்டர் எடுத்தான், எடுத்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். என்னுடையது இருநூற்று முப்பத்தொன்று, உனக்குத் தெரியும், இரண்டு வருஷமாக அதை யாரும் தொடவில்லை, நானும் தாண்டவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனேன். ஸாபித் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "சம்பந்தியம்மா, வாலக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

இந்த இடத்தை நான் பத்து நாளாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வருஷமாக அவர்தான் நமக்குக் கொடி பிடிக்கிறவர், நீயும் அவர் மகன் எர்னாரும் பார்த்துப் பழகியதே அவனை அவர் கூட அழைத்துக்கொண்டு வந்ததால்தான். மார்ச்சுக்கு முன்னால் என்றால் அவர் ஏ ரைஹான், வாலு என்று கத்தியிருப்பார், நான் காட்டாமல் போனால் வண்டிக்கு முன்னால் காலை வைத்து மறித்திருப்பார். தண்டவாளம் பார்க்கிற மனிதர், ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் ரயிலை நிறுத்திப் பழகியவர். மார்ச்சில் ஜிபெக் உன் காதில் நிச்சயக் கம்மல் போட்டுவிட்ட நாளிலிருந்து நான் அவருக்குச் சம்பந்தி ஆகிவிட்டேன். சம்பந்தியிடம் ஒன்றைக் கேட்டால் ஒரு தரம்தான் கேட்கலாம், இரண்டாம் தரம் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும், நம் ஆட்கள் இதில் எப்படி என்று உனக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும், அதனால்தான் அவ்வளவு திமிராகப் பேசினேன். "இருபத்தேழு வருஷம் உங்க எல்லார் தலைக்கு மேலயும் கிரேன்ல கொதிக்கிற இரும்பத் தூக்கிக்கிட்டுப் போனவகிட்டயா சம்பந்தி வாலக் காட்டச் சொல்றீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் கையில் இருந்த வண்டியை ஒரு தரம் பார்த்தார், துணியைப் பார்த்தார், சரி என்று தலையசைத்துவிட்டு தடுப்பாக அடுக்கிய டயர் வரிசைக்குப் பின்னால் அவர் எப்போதும் நிற்கிற ஓரத்துக்குப் போய் நின்றார்.

முதல் ஓட்டத்தில் ஜைரோவைக் குறைவாக வைத்து, நூற்று நாற்பதுக்கு மேல் போகாமல் சூடேற்றுகிற மாதிரி ஓட்டினேன். அப்போதே வால் ஆடியது. வண்டி என்னிடம் சொல்லியது, நான் கேட்கவில்லை, குளிர்ந்த தரை, டயர் இன்னும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வால் ஆடினால் என்ன செய்வோம், ரிமோட்டில் குமிழைத் திருப்பி ஜைரோவை ஏற்றுவோம். ஏற்றினேன். தப்பான பக்கம் தள்ளுகிற ஒன்றுக்கு நானே இன்னும் பலம் கொடுத்தேன். ஓடுதளத்தின் கடைசியில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, மூச்சை விட்டு, விசையை அழுத்தினேன். நூறு மீட்டர் நேராக வந்தது, இருநூறு மீட்டர் நேராக வந்தது, உன் சர்வோ நன்றாகத்தான் பிடித்தது, ஒரு மயிரிழை திருத்தினால் ஒரு மயிரிழை திரும்பியது, எனக்கு மனசெல்லாம் பூரித்துப்போயிற்று. எங்களுக்கு நேராக வருகிற சமயத்தில் துணி ஒரு தரம் சிலிர்த்தது. சின்னக் காற்றுதான். வண்டி ஒரு விரற்கடை விலகியது, அடுத்த கணம் மூக்கு டயர் வரிசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் விசையை விட்டேன், எதிர்ப்பக்கம் ஒடித்தேன், எதற்கும் நேரம் இருக்கவில்லை. தரையில் இரண்டு தரம் புரண்டு எழும்பி டயருக்கு மேலே போயிற்று. மேல்கூடு தனியாகப் பறந்தது, ஆறு கிலோ அடிப்பலகை ஸாபித்தின் முழங்காலுக்குக் கீழே போய் அடித்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். அவர் கத்தவில்லை, கொடியைக் கீழே போடாமல் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். வண்டிக்குள் இருந்த அளவுக்கருவியில் இருநூற்றுப் பதினேழு என்று இருந்ததாகக் கென்னாதி பிற்பாடு சொன்னான். புரளாமல் நேராக வந்து அடித்திருந்தால் அந்தக் கால் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நடப்பார். முன்போல எட்டு கிலோமீட்டர் தண்டவாளம் நடப்பாரா என்பதை ஆகஸ்டில் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கென்னாதி என்ன ஆயிற்று என்று கேட்டான். நான் புது சர்வோ என்று இரண்டு வார்த்தை சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையை ஆட்டினான், நான் அவன் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், சாயங்காலத்துக்குள் கொரியாவிலிருந்து வந்த சர்வோ சிக்கிக்கொண்டது என்று ஊர் பேசியது. மறுநாள் நீ கூப்பிட்டாய். முதல் கேள்வியே அதுதான். "அம்மா, பெட்டில ஒரு சீட்டு வச்சேனே, பாத்தியா?" என்று கேட்டாய். "சீட்டா? நான் ஒண்ணும் பாக்கலையே" என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது, கூடு என் மடியில் இருந்தது, சீட்டு அதற்குள் இருந்தது. அப்படியென்றால் வைக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்றாய், பிறகு அழுதாய். நான் உன்னைத் தேற்றினேன். அழாதே, தப்பு யாருக்கும் வரும் என்று உனக்கு நான் ஆறுதல் சொன்னேன். ஜாதிரா, பொய் சொன்னதைக்கூட ஒரு நாள் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது, அந்த ஆறுதலை நினைத்தால் எனக்கு என் குரலையே பிடிக்கவில்லை. ஏன் செய்தேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆலையில் அத்தனை வருஷம் கிரேன் ஓட்டியதில் என் கையால் ஒருவர் செருப்பு நுனிக்குக்கூடச் சேதம் வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேர்தான் எனக்கு மிச்சம். ஓடுதளத்தில் ஐந்து ஆண்பிள்ளைகள் ரைஹான் கை என்று மரியாதையாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அது இல்லாமல் நான் யார் என்பதே மறந்துவிட்டது. அந்தப் பேரைக் காப்பாற்ற உன் பேரைக் கொடுத்தேன். இதைவிட அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அன்றைக்கே எர்னாரிடம் தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாய். அவனும் ஒன்றைக் கூட்டாமல் குறைக்காமல் அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஜிபெக் சந்தையில் பால்காரிகள் வரிசையில் நின்றுகொண்டு, மருமகளாக வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மாமனார் காலை ஒடித்தவள் என்று உன்னைப் பற்றிச் சொன்னாள், ஷோல்பான் அதை என் காதுக்குக் கொண்டுவந்தாள். எர்னார் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு சிநேகிதன் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, ஸாபித்தின் கால் ஆறினால் எல்லாம் ஆறிவிடும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜிபெக்கிடமிருந்து ஆள் வந்தது, வியாழக்கிழமை தன் அக்காவை அழைத்துக்கொண்டு தேநீருக்கு வருகிறேன் என்று. நிச்சயம் பண்ணின வீட்டுக்கு இரண்டு பெண்கள் வெறுங்கையோடு தேநீருக்கு வந்தால் எதைக் கேட்க வருகிறார்கள் என்று அப்பாவுக்கே புரிந்துவிட்டது, அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை நீ கூப்பிட்டு, "கம்மலக் கழட்டி வச்சிட்டேம்மா. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துடறேன்" என்று சொன்னாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய் தெரியுமா. போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாளைக்குக் காலையில் காரை எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

நேற்று அவர் கீழே காரில் இருந்தார், நான் மட்டும் மேலே போனேன். ஸாபித் ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார், ஜிபெக் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் விரிப்பைப் போட்டாள், வெண்ணெயும் பொரித்த மாவும் வைத்தாள், மரியாதைப்பட்டவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் அதைத் தொடாமல் சீட்டை எடுத்து விரிப்பின் மேல் வைத்தேன், படியுங்கள் என்றேன். ஸாபித்துக்குக் கேட்க வேண்டும் என்று அவள் உரக்கப் படித்தாள், கடைசியில் முத்தம் என்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். அதன் பிறகு நான் இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். ஸாபித் கூரையைப் பார்த்துக்கொண்டே, இரண்டாம் தரம் கேட்டிருக்க வேண்டும், சம்பந்தி ஆயிற்றே என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு என்றார். ஜிபெக் அவரை நீங்கள் பேசாதீர்கள் என்று அடக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கம்மல் அவ காதுலயே இருக்கட்டும். அந்தப் பொண்ணப் பத்தி நான் பேசினத நானே போயி அள்ளிக்கறேன். ஆனா சம்பந்தி, பெத்த பொண்ணு முதுகுக்குப் பின்னாடி பத்து நாள் நின்னுக்கிட்டு உங்களுக்குச் சோறு எப்படி எறங்குச்சு?" என்று கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். ஆறிப்போன கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டு, திரும்ப ஊற்றினாள், விளிம்பு வரைக்கும், நிறைய ஊற்றினாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை நம் வீடுகளில் வாயால் சொல்வதில்லை. இத்தனை வயதில் ஒருவர் வீட்டிலும் எனக்கு நிறைகிண்ணம் வந்ததில்லை. நாக்கு பொத்துப்போகிற சூட்டில் அதை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன், எழுந்தேன். அவள் வாசல்வரை வரவில்லை. சீட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை, அவள் அதை மடித்துக் கிண்ண அலமாரியில் வைத்ததைப் பார்த்தேன்.

அங்கிருந்து கென்னாதியின் கொட்டகைக்குப் போய் அவனிடமும் சொன்னேன். பேட்டரிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். மற்ற மூன்று பேருக்கும் அவனே சொல்லிக்கொள்கிறானாம். "ஸாபித் கால் ஊனி வர்ற வரைக்கும் கொடி உன் கையில. ரிமோட்டத் தொடாத" என்றான். இந்த ஞாயிறிலிருந்து கோட்டில் நான்தான் நிற்கப் போகிறேன், ஒவ்வொரு வண்டிக்கும் வாலைக் காட்டு என்று நான்தான் கேட்க வேண்டும், அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காட்டுவார்கள். ஆனாலும் போவேன்.

எர்னாருக்கு நேற்று சாயங்காலமே அவன் அம்மா சொல்லியிருப்பாள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் குரல் உனக்கு வந்து சேர்ந்திருக்கும், அதுதான் முறையும். என்னைப் பற்றி அவர்கள் ஏதாவது சொன்னால் நீ எனக்குப் பரிந்து பேசாதே. அம்மா பாவம், வயதாகிவிட்டது என்று ஆரம்பிக்காதே, எனக்கு வயது ஆகிவிடவில்லை, கையும் கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன, நான் செய்தது வயதால் செய்தது இல்லை. கோபம் வந்தால் கோபப்படு. உனக்குக் கோபப்படத் தெரியாது, யார் தப்பு செய்தாலும் எடுத்து உன் தலையில் போட்டுக்கொள்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை நான் நல்ல குணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். எனக்கு வசதியாக இருந்ததால்தான் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது. மன்னித்துவிடு என்று இதில் எங்கேயும் எழுதவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதனால்தான் கேட்கவில்லை.

நாளை ஷோல்பான் காலையிலேயே கிளம்புகிறாள், இதோடு நிறுத்துகிறேன். கம்மலை எடுத்து உன் கையாலேயே காதில் போட்டுக்கொள். போட்டுக்கொண்டு முதலில் ஸாபித்தைக் கூப்பிட்டுப் பேசு, மத்தியானத்துக்கு மேல் விழித்திருப்பார். எனக்கு எப்போது கூப்பிடுவது என்பதை நீயே முடிவு பண்ணு, ஒரு வாரமோ ஒரு மாதமோ, நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீ போகிற வழியெல்லாம் திறந்திருக்கட்டும், நீ ஏறுகிற வீட்டில் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கட்டும், உன் வயிற்றில் பிறக்கிறவை உன்னைப் போலவே இருக்கட்டும். அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார்.

பத்து நாள் உன் முதுகுக்குப் பின்னால் நின்ற
உன் அம்மா,
ரைஹான்